றலியா வீட்டு அழைப்பு மணி

அன்றைக்கு றலியா எங்கள் கதவைக் கையால்தான் தட்டினாள். மணி என்ற சாமானிலேயே அவளுக்கு நம்பிக்கை போயிருந்தது.

"செக்ரட்டரி அண்ணன், நீங்களே வந்து பாருங்க. ஞாயித்துக்கெழம பின்னேரமானா பெல் அடிக்கிது, தொறந்தா ஒத்தரும் இல்ல. போய்க் குந்தினா திரும்ப அடிக்கிது. இந்த முழங்கால வெச்சிக்கிட்டு நான் எத்தின தரம் எழும்புற?"

வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கமாக நிற்கும் எங்கள் கட்டடத்தின் குடியிருப்போர் சங்கத்துக்கு நான்தான் செயலாளர். தண்ணீர் மோட்டார், குப்பை, வாகனம் விடுகிற சண்டை எல்லாம் என் தலையில்தான் வந்து விடியும். றலியா நான்காம் மாடி, நாங்கள் ஐந்தாம் மாடி, எங்களுக்கு மேலே மொட்டைமாடி. இரண்டாம் மாடிச் சிவானியின் பிள்ளைகள்தான் மணியை அடித்துவிட்டு ஓடுகிறார்கள் என்று றலியா தானே தீர்ப்பு எழுதி, சிவானியோடு பேச்சை நிறுத்தியிருந்தாள். நோன்புக் கஞ்சியும் பொங்கலும் ஏறி இறங்கிய படிக்கட்டில் இருவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள்.

உண்மையான குற்றவாளி யாரென்று எனக்குத் தெரியும். அவளோடுதான் இத்தனை வருடம் குடும்பம் நடத்துகிறேன்.

என் மனைவி பத்மாவதி வங்கி வேலையில் இருந்து ஓய்வு பெற்றதும் யோகாசனத்துக்கோ பஜனைக்கோ போகவில்லை. பரீட்சை எழுதி, அமெச்சூர் வானொலி லைசென்ஸ் எடுத்தாள். ஞாயிறு பின்னேரங்களில் ஒரு பையோடு மொட்டைமாடிக்குப் போவாள். பைக்குள் சாப்பாட்டுப் பெட்டி அளவில் ஒரு ரேடியோ, பட்டரி, சுருட்டிய கம்பி. கம்பியின் ஒரு முனையைத் தண்ணீர்த் தாங்கியிலும் மறுமுனையை உடுப்புக் காயப்போடும் தூணிலும் கயிறு போட்டுக் கட்டுவாள். நடுவில் இருந்து ஒரு கேபிள் ரேடியோவுக்கு இறங்கும். பிறகு மைக்கைப் பிடித்து, "சி.க்யூ., சி.க்யூ." என்று உலகத்தைக் கூப்பிடுவாள். மாதக்கணக்காகக் கூப்பிட்டும் ஒருவரும் திரும்பிப் பேசவில்லை. வருவதெல்லாம் இரைச்சல்தான். பொழுதுபட எல்லாவற்றையும் சுருட்டிக்கொண்டு இறங்கி வந்து, "இண்டைக்குக் கண்டிஷன் சரியில்லை" என்பாள். அந்த முகத்தைப் பார்த்துப் பகிடி விட எனக்கே மனம் வராது. தேத்தண்ணி ஊற்றிக் கொடுப்பேன்.

ஆக, இவ்வளவு பெரிய உலகத்தில் அவளுக்குப் பதில் சொன்னது றலியாவின் மணி மட்டும்தான்.

விஷயத்தைச் சொன்னதும் பத்மா வெட்கப்பட்டாள். கொஞ்ச நேரத்தில் கண் மின்னியது. "கம்பிக்குப் போக வேண்டிய சக்தி கேபிளின்ர வெளித்தோல் வழியாத் திரும்பி வருதப்பா. அதுதான் படிக்கட்டால போற பெல் வயருக்கை பூருது. கேபிளும் கம்பியும் சந்திக்கிற இடத்தில ஒரு பாலுன் போட்டா மறிச்சுப் போடலாம்."

பாலுன் என்றால் பெரிய மந்திரம் ஒன்றுமில்லை. ஒரு வளையம், அதில் கேபிளைப் பல சுற்றுச் சுற்றுவது. மகன் விட்டுப்போன பழைய கொம்பியூட்டரை உடைத்து, அதற்குள் இருந்த மஞ்சள் வளையத்தை எடுத்து, தாலிக்கொடி கோர்ப்பவள் போலப் பொறுமையாகச் சுற்றினாள். பார்க்க வடிவாகத்தான் இருந்தது. றலியாவிடம் உண்மையைச் சொல்லி மணியைக் கவனிக்கச் சொன்னேன், அவள் அரைகுறையாகத்தான் நம்பினாள். அடுத்த ஞாயிறு மேலே போய் முதல் "சி.க்யூ." சொல்லி வாய் மூடவில்லை, கீழே இருந்து றலியாவின் குரல் வந்தது.

"அடிச்சிச்சி!"

சங்கம் கூடியது. இன்னும் ஒரே ஒரு ஞாயிறு தருவது, ஒருதரமாவது மணி அடித்தால் மொட்டைமாடியில் இனிக் கம்பி கட்டக் கூடாது என்று முடிவானது. அந்த முடிவை என் வாயாலேயே அறிவிக்க வேண்டி வந்தது. அன்று இரவு எனக்கு இடியப்பம் மட்டும்தான் கிடைத்தது, சொதி வரவில்லை.

வானொலிக்காரர்களின் வட்ஸ்அப் குழுவில் கேட்டபிறகுதான் பிழை தெரிந்தது. அந்த மஞ்சள் வளையம் இரும்புத்தூளால் ஆனது, இந்த வேலைக்கு உதவாது. கருஞ்சாம்பல் நிற ஃபெரைட் வளையம் வேண்டும்.

"தொட்டுப் பாத்தே கள்ள நோட்டுப் பிடிச்சனான், ஒரு வளையத்தில ஏமாந்திட்டன்" என்று நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

இருவருமாகப் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவுக்குப் போனோம். "மல்லி, அளு பாட்ட எக்க தியெனவத?" என்று கடைத் தம்பிமாரிடம் சிங்களத்தில் சாம்பல் நிற வளையத்தைக் கேட்டுக் கடை கடையாகத் திரிந்தாள். வெயிலில் நான் வாடிப்போனேன். ஒருவழியாகக் கிடைத்த வளையத்தை, பஸ்ஸில் வரும்போது கைப்பைக்குள் கூட வைக்காமல் உள்ளங்கையிலேயே பொத்திக்கொண்டு வந்தாள். இது சரிவர வேண்டுமே என்று என் நெஞ்சு கிடந்து தவித்தது. செயலாளருக்கு அப்படித் தவிக்க உரிமை இல்லைதான்.

ஞாயிறு வந்தது. றலியா பின்னேர அஸர் தொழுகையை முடித்துவிட்டுத் தன் வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்தாள். சாட்சிக்கு நான் பக்கத்தில் நின்றேன். பிள்ளைகளின் பெயரைக் காப்பாற்றச் சிவானியும் வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். மூவரும் மணியையே பார்த்தோம். மேலே இருந்து பத்மாவின் குரல் படிக்கட்டால் இறங்கி வந்தது. "சி.க்யூ., சி.க்யூ." மணி அடிக்கவில்லை. மறுபடி கூப்பிட்டாள். அடிக்கவில்லை. றலியா எழுந்து மணியில் காதை வைத்துப் பார்த்தாள்.

"மௌத்தாப் பெய்த்தோ?"

செத்துத்தான் போய்விட்டதோ என்று விரலால் அழுத்தினாள். நன்றாகவே அடித்தது. சிவானிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. றலியா அவளைப் பார்த்தாள். "உங்கட புள்ளைகள வீணா ஏசிட்டேன், மன்னிச்சிக்கங்க" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அப்போதுதான் மேலே பத்மா "ஐயோ!" என்று அலறினாள்.

விழுந்தடித்துக்கொண்டு ஏறினோம். முழங்கால்காரி றலியாதான் எனக்கு முன்னால் போனாள். பத்மா ஹெட்போனை இரண்டு கையாலும் அமத்திக்கொண்டு நின்றாள். கண்ணால் நீர் ஓடியது, வாய் சிரித்தது.

"கசகஸ்தான்! ஒருத்தர் பதில் சொல்லிட்டார்! அந்த இரைச்சலும் பாதிக்குப் பாதி குறைஞ்சிட்டுதப்பா, ஆள் தெளிவாக் கேக்குது!"

எனக்கும் கண் கலங்கியது. எங்கள் கல்யாணத்தன்று கூட அவள் முகம் இப்படி இருந்ததில்லை.

அந்த நேரம் பார்த்துக் கடற்காற்றில் தூணில் கட்டிய கயிறு அவிழ்ந்து, கம்பி தொய்ந்து விழப் பார்த்தது.

"கயிற்றைப் பிடியுங்கோ! கம்பியைத் தொட்டிடாதேங்கோ!" என்று கத்திவிட்டு, மைக்கில் உடனே குரலை மாற்றி இங்கிலீஷில் தன் பெயரை எழுத்து எழுத்தாகச் சொல்லத் தொடங்கினாள்.

நான் பாய்ந்து பிடித்தேன். றலியா ஹெட்போனின் ஒரு பக்கத்தைத் தன் முக்காட்டின் மேல் வைத்து அழுத்தி, பத்மாவின் கன்னத்தோடு கன்னம் ஒட்டி நின்றாள்.

"யா அல்லாஹ், மனிசன் ஒத்தர் பேசுறாரு!" என்றாள் சிவானியைப் பார்த்து. சிவானி தன் முறைக்குக் காத்து நின்றாள்.

என் காதுக்கு ஒன்றும் எட்டவில்லை. கீழே தண்டவாளத்தில் பாணந்துறைப் பக்கமாக ரயில் ஒன்று போனது. தோள் உளைந்தது. கொஞ்சம் கையைத் தாழ்த்தினேன். பத்மா திரும்பிப் பார்க்காமலே விரலை மேலே காட்டினாள். நான் நுனிக்காலில் எழும்பி, கயிற்றை இன்னும் உயர்த்திப் பிடித்தேன்.