அடிக்காட்டுப் பச்சையம்மா

சிங்காரவேலு முதல் ஷிஃப்டுக்குக் கிளம்பிப் போன பிறகு, சமையல்கட்டில் மணையைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டு தனபாக்கியம் எழுதுவாள். கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி நெய்வேலி குவார்ட்டர்ஸுக்கு வந்து பதினாறு வருஷம் ஆகியிருந்தது. பிள்ளை இல்லை. தான் மாயக் கதை எழுதுவதை அவள் அக்கம்பக்கத்தில் யாரிடமும் சொன்னதில்லை. பறக்கும் குதிரை, பேசும் மரம் என்று நாற்பது வயதுக்காரி எழுதிக்கொண்டிருப்பது தெரிந்தால் சிரிப்பார்கள். சென்னையிலிருந்து வரும் ஒரு வாரப் பத்திரிகையில் 'டி. பாக்கியம்' என்ற பெயரில் அவை வந்தன. டி. பாக்கியம் ஆண் என்றே வாசகர்கள் நினைத்துக் கடிதம் எழுதினார்கள்.

எண்பத்து மூன்றாம் வருஷம் ஒருநாள் சிங்காரவேலு சுரங்கத்திலிருந்து ஒரு துண்டு நிலக்கரி கொண்டுவந்தார்.

"இதைப் பாரு. மரத்தோட வரி அப்படியே இருக்கு. இங்க ஒரு காலத்துல காடா இருந்திருக்கு. அது மண்ணுக்குள்ள போயிருச்சு."

"அதுக்கும் கீழ என்ன இருக்கு?"

"தண்ணி. மேல வரணும்னு முட்டிக்கிட்டு நிக்குது. ராத்திரி பகலா பம்பு ஓடிக்கிட்டே இருக்கணும். நின்னா முழுகிரும்."

அவர் குளிக்கப் போவதற்குள் அவள் கதைக்கு வரைபடம் போட்டுவிட்டாள். பூமிக்கு அடியில் அமிழ்ந்துபோன காடு. கறுத்த இலைகள். கண்ணில்லாத பறவைகள் பாடிப் பாடித் தங்கள் வழியைக் கண்டுபிடிக்கும். அந்தக் காட்டுக்கும் அடியில் நீரரசன் மல்லாந்து கிடந்து மூச்சுவிடுகிறான். அவன் மூச்சு ஏறும்போது காடு மேலெழும்பும், இறங்கும்போது தாழும். பெயரும் வைத்தாயிற்று, 'அடிக்காடு'. ஆனால் அந்தக் காட்டில் நடக்க ஆள் கிடைக்கவில்லை. ஒரு இளவரசனை இறக்கிப் பார்த்தாள். அவன் பேசப் பேச அவளுக்கே கொட்டாவி வந்தது. நான்கு அத்தியாயத்தைக் கிழித்து அடுப்பில் போட்டாள்.

பாத்திரம் தேய்க்க வந்துகொண்டிருந்தவள் அம்சவல்லி. முத்தாண்டிக்குப்பத்தை அடுத்த ஒரு சின்ன ஊர். தனபாக்கியத்தின் வயதுதான் இருக்கும். ஒருநாள் கொல்லைக் குழாயடியில் தேய்த்த பாத்திரங்களைக் கவிழ்த்துவிட்டு, போகாமல் நின்றாள்.

"அம்மா, ஐயா மைன்ஸுலதான வேலை செய்றாரு? ஒண்ணு கேட்டுச் சொல்றீங்களா?"

"என்ன கேக்கணும்?"

"எங்க ஊரு முந்திரித்தோப்பு ஓரமா பொதைக்கிற எடம் இருந்துச்சுங்க. எம் பொண்ணு பச்சையம்மாவ அங்கதான் வச்சோம். மஞ்சக்காமாலை. எட்டு வயசு. இப்ப அந்த எடம் புது மைன்ஸுக்குள்ள போயிடுச்சு. தோண்டுன மண்ண எங்க கொட்டுவாங்கன்னு ஐயாவுக்குத் தெரியுமாங்க?"

"ஐயோ" என்றாள் தனபாக்கியம். சொன்ன அதே நொடியில் இன்னொன்றும் நடந்தது. கறுத்த இலைகளுக்கு நடுவே ஒரு எட்டு வயதுப் பெண் நடந்துபோவது அவளுக்குத் தெரிந்தது. பாவாடையைத் தூக்கிச் செருகியிருந்தாள். பின்னாளில் இதை நினைத்து எத்தனையோ முறை கூசியிருக்கிறாள். அப்போது கூசவில்லை. இவள் சீக்கிரம் போனால் தேவலை, உட்கார்ந்து எழுதலாம் என்றுதான் இருந்தது.

சாயங்காலம் கணவரிடம் கேட்டாள். அவர் சோற்றைப் பிசைந்தபடியே இருந்தார்.

"பெல்ட்டுல நாள் முழுக்க மண்ணு போகுது. எது எங்க விழுந்துச்சுன்னு யாரு சொல்ல? மேடாக் கொட்டி மேல மரம் நடுவாங்க. அதைச் சொல்லு."

அதைத்தான் சொன்னாள். "மரம் நடுவாங்களா?" என்று கேட்டுவிட்டு அம்சவல்லி சாம்பலைத் தொட்டுத் தேய்க்க ஆரம்பித்தாள்.

அதன் பிறகு தினமும் வேலை முடிந்ததும் அவளுக்குக் காப்பி கிடைத்தது. காப்பியோடு கேள்வியும் வந்தது. பச்சையம்மா எப்படிச் சிரிப்பாள்? என்ன தின்னப் பிடிக்கும்? அம்சவல்லியின் வீட்டில் அந்தப் பேச்சை எடுத்தாலே புருஷன் எழுந்து வெளியே போய்விடுவான். இங்கே ஒருத்தி உட்கார்ந்து கேட்கிறாளே என்று அவள் எல்லாவற்றையும் சொன்னாள். பச்சையம்மா சுட்ட பலாக்கொட்டையை மடியில் கட்டிக்கொண்டு திரிவாள். ஆட்டுக்குட்டியோடு சண்டை போடுவாள். இடது முழங்கையில் கஞ்சி கொட்டின தழும்பு. ஒவ்வொன்றும் அடுத்த வாரமே, பத்திரிகையில் தொடராக வரத் தொடங்கியிருந்த அடிக்காட்டுக்குள் போயிற்று. கண்ணில்லாத பறவைகளுக்குப் பச்சையம்மா பலாக்கொட்டை கொடுத்தாள். அவள் தழும்பு இருட்டில் மின்னி வழி காட்டியது. பெயரை மட்டுமாவது மாற்றிவிடலாம் என்று மூன்று பெயர் போட்டுப் பார்த்தாள். வேறு பெயர் வைத்ததும் அந்தப் பெண் நின்ற இடத்தைவிட்டு நகர மறுத்தாள். பெயர் அப்படியே இருந்துவிட்டது.

கடிதங்கள் குவிந்தன. தொடரை நீட்டச் சொன்ன ஆசிரியர், பெரிய திருப்பம் ஒன்று வேண்டும் என்றும் எழுதினார். பன்னிரண்டாம் அத்தியாயத்தில் தாய் மகளைத் தேடிப் பூமியின் வாய்க்கு வருகிறாள். தாகத்தில் தவிக்கிறவளுக்கு நீரரசன் மறதித் தண்ணீர் கொடுக்கிறான். குடித்துவிட்டு வீட்டுக்குப் போய் அடுப்பு மூட்டுகிறாள். கீழேயிருந்து மகள் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறாள். இதை எழுதும்போது தனபாக்கியம் அழுதாள். தான் எழுதியவற்றிலேயே இதுதான் நன்றாக வந்தது என்பதும் தெரிந்தது. அன்றைய தபாலிலேயே அனுப்பினாள்.

அந்த இதழ் வந்து நான்காம் நாள், அம்சவல்லி கொல்லைப் பக்கம் போகாமல் வாசலில் வந்து நின்றாள்.

"எங்க கொழுந்தனாரு தங்கராசு முடிவெட்டுற கடையில படிச்சிகினு இருந்தாராம். வூட்டுக்கு எடுத்தாந்து படிச்சாரு. பலாக்கொட்டை, தழும்பு, எல்லாம் இருக்குது. எழுதுனது நீங்கதானா?"

"ஆமா" என்றாள் தனபாக்கியம்.

"எழுதுங்க. எம் பொண்ண நாலு பேரு படிக்கட்டும், எனக்கு அதுல ஒண்ணுமில்ல. நான் மறந்துட்டேன்னு ஏன் எழுதுனீங்க?"

"அது கதை, அம்சவல்லி. அந்தத் தாய் நீயில்ல."

"பேரு பச்சையம்மா. அவளுக்கு அம்மா வேற யாருங்க?"

"உள்ள வந்து உக்காரு" என்றாள் தனபாக்கியம். அம்சவல்லி வரவில்லை.

"எங்க வூட்டுக்காரரு வாயே தெறக்கல. நான்தான் பேசிகினே இருந்தேன். உங்க கிட்டதான் பேசினேன்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள். அதோடு வேலைக்கு வருவதை நிறுத்திக்கொண்டாள்.

அன்று மத்தியானமே தனபாக்கியம் புது அத்தியாயம் எழுதினாள். தாய்க்கு மகள் பெயர் ஞாபகம் வருகிறது. கைகளால் மண்ணைத் தோண்டிக்கொண்டு பூமியின் ஏழடுக்கும் இறங்கிப் போகிறாள். பத்து நாளில் அது திரும்பி வந்தது. ஆசிரியர் கூடவே கடிதம் வைத்திருந்தார். வாசகர்கள் தாயின் மறதியை எண்ணி உருகிக்கொண்டிருக்கிறார்கள். இது சோகத்தின் சாரத்தையே கெடுக்கிறது. கையிருப்பில் உள்ள மூன்று அத்தியாயத்தோடு பச்சையம்மாவை அடிக்காட்டு ராணியாக்கி முடித்துவிடுகிறோம், கடைசிப் பத்தியை நாங்களே எழுதிக்கொள்கிறோம். அப்படியே முடித்தார்கள். தாய் கடைசிவரை அடுப்படியில்தான் இருந்தாள்.

திரும்பி வந்த தாள்களை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு தனபாக்கியம் பண்ருட்டி பஸ் ஏறினாள். அம்சவல்லி முந்திரிக்கொட்டை உடைக்கக் காடாம்புலியூருக்குப் போய்விட்டாள் என்று விசாரித்து வைத்திருந்தாள். கொட்டகை முழுக்கப் புகைநெடி. இருபது பெண்கள் வரிசையாக உட்கார்ந்து உடைத்துக்கொண்டிருந்தார்கள். அம்சவல்லியின் விரல்கள் கொட்டை எண்ணெயில் கறுத்துத் தோல் உரிந்திருந்தன. தனபாக்கியம் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து படித்தாள். தட்டும் சத்தத்துக்கு நடுவே உரக்கப் படிக்க வேண்டியிருந்தது. மற்ற பெண்கள் ஒவ்வொருவராகத் தட்டுவதை நிறுத்தினார்கள். அம்சவல்லி மட்டும் நிறுத்தவில்லை. படித்து முடிந்ததும் கேட்டாள்.

"இது புஸ்தகத்துல வருமா?"

"வராது. அவங்க வேணாம்னுட்டாங்க."

"அப்ப யாருக்குத் தெரியும்?"

தனபாக்கியம் தாள்களை நீட்டினாள். அம்சவல்லி கையைப் பார்த்துக்கொண்டாள், வாங்கவில்லை.

"எண்ணெயா இருக்குதுங்க. வெயில் ஏறுறதுக்குள்ள கெளம்புங்க" என்றாள். கோபமில்லாமல்தான் சொன்னாள். தனபாக்கியத்துக்கு அதுதான் தாங்கவில்லை.

மறு வருஷம் அதே பத்திரிகை புதுத் தொடர் கேட்டது. பறக்கும் மலைகளைப் பற்றி எழுதினாள். எந்த ஊரிலும் யாருக்கும் இல்லாத பெயர்களாகத் தேடித் தேடி வைத்தாள். யாருடைய கையையும் நடையையும் பார்த்து எழுதவில்லை. கதையில் உயிரே இல்லை என்று வாசகர்கள் எழுதினார்கள். பதினோராவது வாரம் ஆசிரியர் நிறுத்திவிட்டார். தனபாக்கியம் ஏன் என்று கேட்டு எழுதவில்லை.