இருட்டறையில் தீனி நேரம்

மூளைக்குள் கடுகளவுகூட இல்லாத ஒரு கடிகாரம் இருக்கிறது. வெளிச்சமே காட்டாமல் இருட்டறையில் போட்டாலும் அது எலியை எழுப்பிச் சக்கரத்தில் ஓடவிடும். அதை அளந்து காட்டினால்தான் ஆராய்ச்சி மாணவியான அவளுக்கு டாக்டர் பட்டம். அந்தக் கடிகாரத்தின் ஒரு நாள் இருபத்துநாலு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு என்பதால், இருட்டில் விட்ட எலி நாளுக்கு நாள் கொஞ்சம் முந்தி எழ வேண்டும். இவளுடைய எலிகளோ மாசக்கணக்காக ஒரே நேரத்துக்கு டாணென்று எழுந்து ஓடின. ஆபீஸ் போகிற மனுஷர்கள்கூட அப்படிப் போகமாட்டார்கள்!

பேராசிரியை திரையில் எலிகள் ஓடிய நேரத்தைக் காட்டும் கோடுகளைப் பார்த்தார். "தீனி வைக்க எப்பப் போற?"

"மத்தியானம், மேடம்."

"தினமுமா? நேரத்தை மாத்தி மாத்திப் போகணும்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டேனே! வெளிச்சம் இல்லைன்னா, நீ வர்ற நேரத்தை வச்சே அதுங்க நாளைக் கணக்குப் பண்ணிக்கும்மா."

அவளுக்குத் தெரியாததா? மகன் தூங்கும்போதுதான் வீட்டைவிட்டு நழுவ முடியும். விழித்திருந்தால் அழுது ஊரைக் கூட்டிவிடுவான். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்துவிட்டது.

"மறுபடி முதல்லேர்ந்து," என்றார் பேராசிரியை.

அதற்குப் பிறகு விடியற்காலை, சாயங்காலம் என்று கண்ட நேரத்தில் போனாள். எப்போதும்போல மாடியில் இருக்கும் நாத்தனார்தான் மகனைப் பார்த்துக்கொண்டாள். பசி ஒரு நேரம், தூக்கம் ஒரு நேரம் என்றாகி, இவள் பஸ்ஸில் நின்றபடியே கண்ணயர்ந்தாள். எலிகளின் கடிகாரத்தைச் சரிபார்க்கப் போய்த் தன் கடிகாரம் கெட்டதுதான் மிச்சம்.

ஒருநாள் விடியற்காலையிலேயே தீனி வைத்துவிட்டு வந்துவிட்டாள். அப்பாடா, பகல் முழுக்க வீடு! மகனோடு சாப்பிட்டு, படுத்து, எழுந்து, விளையாடிக்கொண்டிருந்தாள். திடீரென்று அவன் பொம்மையைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடினான். மூடிய கதவைப் பார்த்தபடி நின்றான்.

"யாருடா கண்ணு வர்றாங்க?"

"அம்மா."

"அம்மா இங்கதானேடா இருக்கேன்!"

அவன் திரும்பவே இல்லை. தூக்கப்போனால் கையைத் தட்டிவிட்டான்.

"முன்னெல்லாம் நீ வர்ற நேரம் இதுதானேம்மா," என்றாள் மாடியிலிருந்து இறங்கி வந்த நாத்தனார். "இப்பவும் தினம் இப்படித்தான் வந்து நிக்கிறான். எவ்வளவு சொன்னாலும் நகர மாட்டேங்கிறான். உனக்கிருக்கிற அலுப்புல இதையும் எதுக்குச் சொல்றதுன்னு விட்டுட்டேன்."

அவள் எழுந்தாள். செருப்பை மாட்டிக்கொண்டு, பையைத் தோளில் போட்டு, பின்கதவு வழியாகச் சுற்றிப்போய் வாசல் மணியை அடித்தாள்.

கதவு திறந்தது. காலையிலிருந்து வீட்டிலேயே இருந்தவளை, "அம்மா வந்தாச்சு!" என்று ஓடிவந்து கட்டிக்கொண்டான்.