மண் ஒட்டாத காளான்கள்

அக்காவைக் கட்டிக்கொள்ளப் போகிற கடிகாரக்காரர் மேல் தங்கைக்கு முதல் நாளிலிருந்தே ஒரு சந்தேகக் கண். பழைய கடிகாரங்களைப் பழுது பார்க்கிற மனுஷன். பேச்சோ தேனாக வழியும். "வீடு உங்க பேருலதானே இருக்கு?" என்று ஒருநாள் அவர் அக்காவிடம் கேட்டது தங்கையின் காதில் விழுந்துவிட்டது. கணவன் இறந்துபோன இந்த ஏழு வருஷத்தில் அக்கா வாய்விட்டுச் சிரிப்பது இப்போதுதான். அதனால் தங்கை வாயை மூடிக்கொண்டு காதை மட்டும் தீட்டி வைத்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காட்டுக்குப் போய்க் காளான் பறித்து, தன் கையாலேயே சமைத்துப் போடுவதாக அவர் சொன்னபோது தங்கை சட்டென்று நிமிர்ந்தாள். ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் பரிசோதிக்கிறவள் அவள். விஷக்காளான் தின்று வந்த ஒரு குடும்பத்தின் ரிப்போர்ட்டுகளைத் தன் கையால் எழுதியிருக்கிறாள்.

"நானும் வரேன்," என்றாள். நூலகத்திலிருந்து காளான் புத்தகம் ஒன்றை எடுத்து வந்து இரண்டு நாள் விழுந்து விழுந்து படித்தாள்.

மழை விட்ட காலை. காட்டுப் பாதையெங்கும் இலைகள் நனைந்து கிடந்தன. பட்டுப்போன மரத்தில் விசிறி விசிறியாக ஏதோ முளைத்திருந்தது; இலைக்குள்ளிருந்து பழுப்புக் குடைகள் எட்டிப் பார்த்தன. கடிகாரக்காரர் எதையும் திரும்பிப் பார்க்கவில்லை. கூடையை வீசிக்கொண்டு நேராக நடந்தார். தேடுகிறவன் நடையாகவே இல்லை அது. தெரிந்த வீட்டுக்குப் போகிறவன் நடை.

சாய்ந்த மரம் ஒன்றின் அடியில் நின்று, "அடடே, இங்க பாருங்க!" என்றார்.

எட்டு வெள்ளைக் காளான்கள், வைத்தது போல. அக்கா கைகொட்டிச் சிரித்தாள். தங்கை குந்தி உட்கார்ந்து ஒன்றைப் பிடித்து இழுத்தாள். இழுக்கவே வேண்டியிருக்கவில்லை, கையோடு வந்துவிட்டது. தண்டின் அடி கத்தியால் வெட்டினது போல் சமமாக இருந்தது. ஒரு துளி மண் இல்லை.

இவன் இதைக் கொண்டுவந்து வைத்திருக்கிறான். எதற்கு? எதைத் தடவி வைத்திருக்கிறான்?

அதற்குள் அக்கா நாலடி தள்ளி, "இங்க இன்னொண்ணு! இதான் பெரிசு!" என்று ஒரு காளானைப் பறித்துத் தூக்கிக் காட்டினாள்.

கடிகாரக்காரர் அதைப் பார்த்தார். ஒரு கணம் திகைத்த மாதிரி இருந்தது. பிறகு, "ஆமா ஆமா, அதே ஜாதிதான். கூடையில போடுங்க," என்றார்.

தங்கை பாய்ந்து போய் வாங்கிக் குடையைத் திருப்பினாள். மற்றவற்றின் அடியில் மடிப்புகள் பழுப்பாக இருந்தன, இதில் வெள்ளைவெளேரென்று. தண்டில் பாவாடை மாதிரி ஒரு வளையம். பறித்த குழியை விரலால் கிளறினாள். கிழிந்த முட்டைத்தோல் போல ஒரு வெள்ளைப் பை, புத்தகப் படத்தில் பார்த்தது மாதிரியே.

"அக்கா, இதைக் கூடையில போடாத! இது ஆளைக் கொல்ற காளான்."

அக்கா கையை அவசரமாகப் புடவையில் துடைத்துக்கொண்டாள். தங்கை அவர் பக்கம் திரும்பினாள். "சொல்லுங்க சார். அந்த எட்டையும் யாரு வெச்சது?"

அவர் கூடையைக் கீழே வைத்தார். "நான்தான். காலையில அஞ்சு மணிக்கு வந்து வெச்சேன். கடையில வாங்கினது. உங்க அக்காவுக்குக் காளான்னா உசுருன்னாங்க. காட்டுல எனக்குத் தெரியாத காளானே இல்லன்னு ஒரு பேச்சுக்குச் சொல்லிட்டேன்..."

"இது?"

"சத்தியமா இது நான் வெச்சதில்லம்மா."

"அப்புறம் எப்படி அதே ஜாதின்னு சொன்னீங்க?"

"தெரியலன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு."

"வீடு யாரு பேருலன்னு கேட்டீங்களே, அது?"

"நான் இருக்கறது வாடகை வீடு. கல்யாணத்துக்கப்புறம் வீட்டோட மாப்பிள்ளைன்னு நாலு பேரு சிரிப்பாங்களேன்னு பயந்துதான் கேட்டேன்."

தங்கை அவர் முகத்தையே பார்த்தாள். பொய் மாதிரி தெரியவில்லை. ஆனாலும் நம்ப மனசு வரவில்லை. அந்த ஒற்றைக் காளானைக் கைக்குட்டையில் சுற்றி, எட்டில் ஒன்றைத் தனியாகக் காகிதத்தில் மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

அக்கா மெதுவாகச் சொன்னாள்: "கொண்டுவந்து வெச்சது போகட்டும், சிரிச்சுட்டு விட்டுடலாம். தெரியலன்னு ஒரு வார்த்தை உங்க வாயில வரலையே. உங்க கையால நான் எப்படிச் சாப்பிடறது?"

பஸ்ஸில் மூன்று பேரும் மூன்று இடத்தில் உட்கார்ந்து வந்தார்கள்.

மறுநாள் தங்கை அந்தக் காளானைத் தாவரவியல் பேராசிரியர் ஒருவரிடம் காட்டினாள். கொல்லுகிற ஜாதிதான் என்றார் அவர். கடையில் வாங்கிய எட்டில் ஒன்றையும் கொடுத்தாள். வெறும் மொட்டுக்காளான், சோதித்துப் பார்த்ததில் எதுவும் தடவவில்லை என்றார். அதைக் கேட்டபோது அவளுக்கு நிம்மதியைவிடக் கூச்சம்தான் அதிகமாக இருந்தது.

கல்யாணம் ஒரு வருஷம் தள்ளிப்போனது. நின்றுபோகவில்லை. பதிவு அலுவலகத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட்டவள் தங்கைதான். போடுமுன் படிவத்தை இரண்டு தரம் முழுசாகப் படித்தாள்.