மெயின் பாக்ஸ் கதவில் ஒரு சீட்டு

எனக்கு எரிச்சல் வருவது இதற்குத்தான். ஒயர் கருகும் நாற்றம் வந்த அன்றே கூப்பிடுங்கள் என்று தலைதலையாக அடித்துக்கொள்வேன். சுவர் கறுத்த பிறகுதான் ஜனங்களுக்கு எலெக்ட்ரீஷியன் ஞாபகம் வரும். வாய்க்கு வந்தபடி திட்டுவேன். என் வீட்டில் மட்டும் இரண்டு தடவை கோட்டை விட்டேன்.

என் மனைவி முன்னறையில் முடிவெட்டும் கடை வைத்திருக்கிறாள். நாற்காலியில் உட்கார்ந்தவர் தப்ப முடியாது, அப்படிப் பேசுவாள். முதல் தடவை அந்தப் பேச்சு நின்று, கட்டிலை விட்டு எழாமல் கிடந்தபோது, அறையில் வெளிச்சம் போதவில்லை என்று நினைத்து வீடு முழுக்கப் பெரிய பல்பாக மாற்றினேன். மடையன்! இரண்டாம் தடவை, தானாகச் சரியாகிவிடும் என்று காத்திருந்தேன். ஐந்து மாதம் கடை பூட்டிக் கிடந்தது. ஒரு நாள், "நான் இல்லாட்டி உங்களுக்கு நிம்மதி" என்றாள். அன்றே மனநல டாக்டரம்மாவிடம் அழைத்துப் போனேன்.

டாக்டரம்மாதான் புரியவைத்தார்.

"இது சோம்பலும் இல்ல, வீம்பும் இல்ல. தூக்கம், பசி, உற்சாகம் இதையெல்லாம் நடத்துற மூளையே தடுமாறுது. திரும்பவும் வரலாம். முத்த விட்டா, அடுத்தது இன்னும் சுலபமா வந்துடும். ஆரம்பத்துலேயே வாங்க."

தேறிய பிறகு அவளே ஒரு சீட்டு எழுதி, மெயின் பாக்ஸ் கதவின் உட்புறம் ஒட்டினாள். "கையில குடுத்தா தொலைச்சுடுவீங்க" என்றாள்.

இந்தத் திங்கட்கிழமை மூன்று பேருக்கு முடி வெட்டினாள். கத்தரிச் சத்தம் மட்டும்தான் கேட்டது. செவ்வாயும் அப்படியே. வெட்டிய முடி நாற்காலியைச் சுற்றிப் பெருக்காமல் கிடந்தது. இந்தத் தடவை நான் காத்திருக்காமல் கேட்டேன்.

"டாக்டரம்மாவைப் பாத்துட்டு வரலாமா?"

"ஒண்ணுமில்லைங்க. வெறும் அசதி."

மெயின் பாக்ஸைத் திறந்து, சீட்டைச் சத்தமாகப் படித்தேன்.

"பேச்சு குறையும். கடையைப் பெருக்க மாட்டேன். அசதின்னு சொல்வேன், நம்பாதீங்க."

"என்னை வேவு பாக்குறீங்களா?" என்று சீறினாள். சீப்பு என் காலடியில் வந்து விழுந்தது. பேசாமல் கதவை மூடிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. ஆனாலும் கடைசி வரியையும் படித்தேன்.

"கோவத்துல எதையாவது தூக்கி எறிவேன். பயந்துடாதீங்க. கையைப் பிடிச்சு அழைச்சுட்டுப் போங்க."

தன் கையெழுத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். கண் நிறைந்துவிட்டது. பிறகு மெல்ல விளக்குமாற்றை எடுத்தாள்.

"இதைப் பெருக்கிட்டு வரேன்."

"நான் பெருக்குறேன். நீ செருப்பைப் போடு" என்றேன்.