பச்சைத் துண்டு

பேருந்து காஞ்சிபுரத்துக்குள் நுழைந்ததும் வழிகாட்டி தாவீது ஏறிக்கொண்டார். பக்கத்து முசரவாக்கத்துக்காரர். திருச்சியிலிருந்து வந்திருந்த முப்பத்தெட்டுப் பேருக்கும் ஆளுக்கொரு பச்சைத் துண்டு கொடுத்துத் தோளில் போட்டுக்கொள்ளச் சொன்னார்.

"இந்த ஊருக்கு மஞ்சத்துண்டு, செவப்புத்துண்டு கூட்டம் வந்துக்கினே இருக்கும்மா. பச்சை யாரும் போடறதில்ல. பச்சையப் பாத்தா நம்ம ஆளுன்னு அர்த்தம். யாரும் தொலைய முடியாது."

கிருஷ்ணவேணிக்கு இந்த ஏற்பாடு பிடித்தது. அவருடைய கணவர் சபாபதிக்கு எழுபத்து மூன்று வயது. இரண்டு ஆண்டுகளாக நினைவு தேய்ந்துவருகிறது; கிழமையும் ஊரும், சில நாள்களில் மகளின் முகமும்கூட அவருக்குத் தெரிவதில்லை. ஆனால், சுருக்கமாகவும் கண்டிப்பாகவும் சொல்லிவிட்டால் அதன்படி நடப்பார்.

"பச்சைத் துண்டு எழுந்தா நீங்களும் எழுந்திருங்க. நடந்தா நடங்க. வேற யார் கையப் பிடிச்சுக் கூப்பிட்டாலும் போகக் கூடாது. எங்க, திருப்பிச் சொல்லுங்க."

சபாபதி பிழையில்லாமல் திருப்பிச் சொன்னார். பின்னிருக்கையில் யாரோ சிரித்தார்கள். கிருஷ்ணவேணி பொருட்படுத்தவில்லை.

சின்ன காஞ்சிபுரத்தில் வரதராஜப் பெருமாளைச் சேவித்தபின் பல்லி தரிசனத்துக்கு வரிசை நின்றது. செங்குத்தான படிகளில் சபாபதியின் முழங்கால் ஏறாது. மண்டபத் தூணருகே அவரை உட்காரவைத்து, "நான் வர்ற வரைக்கும் இங்கேயே இருங்க" என்று சொல்லிவிட்டுக் கிருஷ்ணவேணி மட்டும் போனார். பன்னிரண்டு நிமிடங்கள் ஆயின. திரும்பியபோது தூணருகே யாருமில்லை.

முதலில் அவர் பதறவில்லை. தம் குழுவினரைத் தேடிக் கண்டுபிடித்தார். சபாபதி அவர்களோடு இல்லை. பிராகாரத்தைச் சுற்றினார். குளக்கரைக்குப் போய்ப் படிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். அங்கேதான் அவர் ஓடத் தொடங்கினார். நடை சாத்தும் நேரமாகிவிட்டது என்று காவலாளி எல்லாரையும் வெளியே அனுப்பினார்.

கோபுர வாசலில் துளசி மாலை விற்றுக்கொண்டிருந்த எல்லம்மாளிடம் தாவீது விசாரித்தார்.

"பச்சைத் துண்டு போட்ட பெரியவரா? ஒருத்தரா ரெண்டு பேரா? ஒரு கும்பலே போச்சேப்பா."

"கும்பலா?"

"வெவசாய சங்கத்து ஆளுங்க. மாநாட்டுக்கு வந்தவங்களாம். ரெண்டு வேனு. ஒரு பெரியவர் மட்டும் வெறுங்காலோட ஏறுனாரு. 'செருப்பு எங்க தாத்தா'ன்னு கேட்டேன், திரும்பியே பாக்கல."

தாவீது தலையில் கைவைத்துக்கொண்டார். விவசாயிகள் போடும் துண்டும் பச்சைதான் என்பது அந்தப் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்தவருக்கு அதுவரை தோன்றவே இல்லை. கிருஷ்ணவேணி அவரைத் திட்டவில்லை. தூணருகே இருக்கச் சொன்னவரும் கிருஷ்ணவேணிதான். பச்சைத் துண்டோடு போகச் சொன்னவரும் அவர்தான். இரண்டு கட்டளைகளில் பேருந்தில் சொன்னதைச் சபாபதி ஒழுங்காக நிறைவேற்றியிருக்கிறார்.

சங்கத்தார் கடைகளுக்குக் கொடுத்துச் சென்ற துண்டறிக்கை ஒன்று எல்லம்மாளிடம் இருந்தது. அதன் அடியில் செயலாளர் மாணிக்கவேல் என்ற பெயரும் தொலைபேசி எண்ணும் இருந்தன. தாவீது ஆறு முறை அழைத்தார், எடுக்கவில்லை. இதற்கிடையில் பேருந்திலிருந்து ஒருவர் இறங்கி வந்து, "பட்டுக் கடைக்கு எப்பங்க போறது? சாப்பாடும் இன்னும் ஆகல" என்றார். கிருஷ்ணவேணி நிமிர்ந்து பார்த்ததும் அவர் திரும்பிப் போய்ப் பேருந்தில் ஏறிக்கொண்டார்.

ஏழாவது அழைப்பை மாணிக்கவேல் எடுத்தார். தாவீது விவரம் கேட்டுவிட்டுக் கைபேசியைக் கிருஷ்ணவேணியிடம் கொடுத்தார்.

"ஆமாங்க, ஒரு பெரியவரு இருக்காரு. பின்னால வர்ற வேன்காரருன்னு நாங்க நெனச்சோம், முன்னால போற வேன்காரருன்னு அவங்க நெனச்சாங்க. இப்பதான் செய்யாறு பஸ் ஸ்டாண்டுல டீ குடிக்க எறங்குனோம். கவலப்படாதீங்கம்மா, நீங்க வர்ற வரைக்கும்—"

பேச்சு அறுந்து, பின்னால் பேருந்தின் ஒலிப்பானும் கூச்சலும் கேட்டன. அடுத்து ஒரு பெண் பேசினார்.

"யம்மா, நான் அலமு பேசறேன். அந்த வேன்லதான் வந்தேன். உங்க வூட்டுக்காரரு பஸ்ஸுங்க திரும்புற எடத்துல நடுவுல போயி நின்னுக்கினு இருக்காரு. 'கிருஷ்ணவேணி எங்க, கிருஷ்ணவேணி எங்க'ன்னு தேடறாரு. கையப் புடிச்சா ஒதறறாரு. நம்ம மாணிக்கவேலு அண்ணனக் கீழ தள்ளிட்டாரும்மா."

யார் கையைப் பிடித்தாலும் போகக் கூடாது. அதையும் அவர் மறக்கவில்லை.

"போனை அவர் காதுல வைங்க."

மூச்சிரைப்பு கேட்டது.

"நான் கிருஷ்ணவேணி பேசுறேன். ஓரமா வாங்க."

"யாரு? நீங்க யாரு?"

"நான்தாங்க. கிருஷ்ணவேணி."

"பொய். அவ என்கூடத்தான் வந்தா. அவளை என்ன பண்ணீங்க?"

மறுபடியும் அலமுதான் பேசினார். "போனைத் தட்டி வுட்டாரும்மா. வேலூர் பஸ்ஸு ஒன்னு அவர ஒட்டி நிக்குது. டிரைவரு கத்தறாரு. என்ன பண்ணட்டும், சொல்லு."

செய்யாற்றுக்கு ஆட்டோவில் போக முக்கால் மணி நேரம் ஆகும். தாவீது பிடித்துவந்த ஆட்டோ பக்கத்தில் உறுமிக்கொண்டிருந்தது. கிருஷ்ணவேணி ஏறி உட்கார்ந்தார். நாற்பத்தாறு ஆண்டு மணவாழ்வில் கணவருக்கு அவர் செய்யாத உதவி இல்லை. இப்போது கணவருக்காக அவரால் ஓர் அடிகூட எடுத்துவைக்க முடியாது.

"அம்மா, உங்களுக்கு என்ன வயசு?" என்று அலமுவிடம் கேட்டார்.

"அறுவது இருக்கும். எதுக்கு?"

"கெஞ்சாதீங்க. கையப் பிடிக்காதீங்க. எதிர்ல போய் நின்னு அதட்டுங்க. 'எத்தனை தடவை சொல்றது, வெயில்ல நிக்காதீங்கன்னு. வாங்க இப்படி'. இதை அப்படியே சொல்லுங்க."

"பெரியவரப் போயி எப்படிம்மா அதட்டறது? பாவமா இருக்குது."

"அதட்டுங்க!"

சிறிது நேரம் இரைச்சல் மட்டும் வந்தது. பிறகு தொலைவில், பழக்கமில்லாத ஒரு குரல் தயங்கித் தொடங்கி, இரண்டாம் முறை உரக்க எழுந்தது: "எத்தினி தபா சொல்றது, வெயில்ல நிக்காதீங்கன்னு! வாங்க இப்புடி!"

இரைச்சல். ஒலிப்பான். ஆட்டோ பாலாற்றுப் பாலத்தில் ஏறியது. கிருஷ்ணவேணி கைபேசியைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

"வந்துட்டாரும்மா," என்றார் அலமு. அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. "டீக்கடை பெஞ்சுல உக்காந்துட்டாரு. 'கோச்சுக்காத, கோச்சுக்காத'ன்னு சொல்லிக்கினே இருக்காரு. அவரே என் கையப் புடிச்சிக்கினாரு, வுடவே மாட்டேங்கறாரு."

"நீங்களும் விடாதீங்க."

"வுடல. ஆனா என்னை உன் பேரு சொல்லிக் கூப்புடறாரும்மா. நான் என்னான்னு சொல்லட்டும்?"

ஆட்டோ பாலத்தின் நடுவில் வந்திருந்தது. இன்னும் அரை மணி நேரத்துக்கு மேல் இருந்தது.

"கூப்பிட்டா 'ம்' சொல்லுங்க," என்றார் கிருஷ்ணவேணி.