ஞாயிற்றுக்கிழமை மழை

12.08.2009, புதன். ஒரு பிழை. 1983 மார்ச் மழையை ஏப்ரல் நிரலில் பதிந்துவிட்டேன். திருத்தினேன். வேறெங்கும் அப்படிச் செய்திருப்பேனோ தெரியவில்லை.

கொப்பியை மூடிவிட்டு இருளப்பன் நிமிர்ந்தபோது கண்டி மாலை வகுப்பில் கதிரைகள் நிரம்பியிருந்தன. பகலில் மருந்துக்கடையில் நின்றுவிட்டு வருபவன் அவன். வகுப்பை நடத்தும் முஹைதீன் சேருக்கு இன்னொரு வேலையும் இருந்தது. உலகத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, காற்று, கடல், வெயில் எல்லாவற்றையும் கணக்காக்கி மழையை முன்கூட்டிச் சொல்லும் 'மொடல்' எனப்படும் கணினி மாதிரி ஒன்றை மலைநாட்டுக்குப் பொருத்திப் பார்க்கும் குழு அவருடையது. அதில் ஓர் உதவியாளர் இடம் காலியாக இருந்தது. அதற்காகவே ஹேவாஹெட்டத் தேயிலைத் தோட்டமொன்றின் முப்பது வருட மழைப் பதிவை இருளப்பன் எண் எண்ணாகக் கணினியில் ஏற்றினான்.

மாதிரியும் பதிவும் ஒத்துப்போகவில்லை. பதிவின்படி முப்பது வருடத்தில் ஒரு ஞாயிறுகூட மழை இல்லை. குழுவினர் மாதிரியைத் திருத்தப் புறப்பட்டார்கள். தோட்டத்தில் பிறந்த இருளப்பனுக்குத்தான் பொறி தட்டியது. ஞாயிறு தோட்ட ஆபீஸ் பூட்டு. மழைமானியை யாரும் பார்ப்பதில்லை. திங்கள் காலை அளப்பது இரண்டு நாள் மழை. போன வாரம் பஸ் நிலையத்தில் அதைச் சந்திரிகாவிடம் மட்டும் சொன்னான். ஒரே தோட்டம், ஒரே பஸ், ஒரே வகுப்பு.

"சந்திரிகா கண்டுபுடிச்சத எல்லாரும் கேளுங்க," என்றார் முஹைதீன். "ஞாயித்துக்கிழம மழைய யாருமே அளக்கல்ல! மாதிரில பிழையே இல்ல. அந்த இடம் இனி இவங்களுக்குத்தான்."

எல்லோரும் கை தட்டினார்கள். இருளப்பனின் கையும் பழக்கத்தில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு நின்றது.

வகுப்பு விட்டதும் படிக்கட்டில் அவளை மறித்தான்.

"சந்திரிகா, அது நான் சொன்னதுல்ல?"

"நீ என்னா சொன்ன? 'அப்படி இருக்கலாம், எனக்கு நிச்சயமில்ல'ன்னு சொன்ன. நான் 'இருக்கு'ன்னு எழுதிக் குடுத்தேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே?"

"கேட்டா இன்னும் ஒரு மாசம் சரி பாப்ப. அதுக்குள்ள மழக்காலமே போயிரும் சாமி!" சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை என்றதும் குரல் தணிந்தது. "எங்க வீட்டுக்கும் இந்த வேல வேணும் இருளா."

அவள் சொன்னதில் பொய் இல்லை என்பதுதான் அவனைக் குத்தியது. அவனுடைய சந்தேகத்தையே படியாக வைத்து ஏறியிருந்தாள்.

பஸ்ஸில் அவளுக்குப் பக்கத்து இருக்கையை விட்டுவிட்டுப் பின்னால் போய் உட்கார்ந்தான். அவள் எழுதிக் கொடுத்த திருத்தத்தில் திங்கள் மழையை மட்டுமே இரண்டு நாளுக்குப் பிரித்திருந்தாள். போயா விடுமுறை நாளிலும் ஆபீஸ் பூட்டு என்பது அவளுக்குத் தோன்றவில்லை. மாதம் ஒரு பௌர்ணமி, கிழமை மாறி மாறி வருவது, கணினியும் கண்டுகொள்ளாது. வாயை மூடிக்கொண்டால் ஒருநாள் அவள் பெயரோடு அந்தப் பிழை சந்திக்கு வரும். தலாத்துஓயா வரும்வரை அந்த நினைப்பு இனித்தது. பிறகு, அந்த முப்பது வருட எண்களும் தன் கையால் ஏற்றியவை என்பது நினைவுக்கு வர, கசந்தது.

கொப்பியைத் திறந்து எழுதினான்:

நாளை, வியாழன். மருந்துக்கடைக்கு அரை நாள் லீவு சொல்ல வேண்டும். பழைய கலண்டர்களில் போயா நாட்களைப் பார்த்துப் பட்டியல் எடுக்க வேண்டும். ஞாயிறு விஷயத்தை யார் கண்டது என்பதையும் சேர்த்து எழுதி, கையெழுத்திட்டு, நான்கு மணிக்கு முஹைதீன் சேரிடம் நேரில் கொடுக்க வேண்டும்.