சீரகம் போடாத ரொட்டி

இரத்தோட்டையிலிருந்து மலையேறும் பாதை, தேயிலைச் செடிகளுக்கிடையே சற்றுத் தூரம் நடந்து, மிளகுக் கொடிகளைத் தாண்டி, பிறகு ஒரேயடியாகக் காட்டுக்குள் நுழைந்துவிடும். அந்தக் காட்டின் நிழலில்தான் ஏலம் விளைந்தது. மாத்தளை முதலாளி ஒருவர் குத்தகைக்கு எடுத்திருந்த அந்த ஏலக்காட்டின் நடுவில் ஒரு வாடி இருந்தது. தகரக் கூரை, மண் சுவர், பறித்த காயை உலர்த்த நீண்டதொரு புகையறை, அதன் ஓரமாக இருவர் படுத்துறங்க ஒரு சிற்றறை. அவ்வளவுதான் வாடி. அதைக் காவல் காத்தவர் சாலிஹ். அவருடைய இளைய மகள் ஹிதாயாவுக்கு அப்போது பதினொரு வயது. நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்து ஏழெட்டு ஆண்டுகள் கழிந்திருந்தன. ஆனால், எந்தச் செய்தியும் அந்தக் காட்டுக்கு நேரத்தோடு வந்து சேர்ந்ததில்லை.

ஹிதாயாவின் உம்மா மௌத்தாகி அடக்கமாகி இரண்டு வருடம். மூத்தவள், ராத்தா மஸூதா, கலியாணம் முடித்து மாத்தளை டவுனுக்குப் போய் ஒரு வருடம். அதன் பிறகு சாலிஹின் பேச்சு நாளுக்கு நாள் சுருங்கிப் போயிற்று. அவர் அடித்ததில்லை, ஏசியதும் இல்லை. "தின்னு", "தண்ணி எடு", "மழ வருது" என்று ஒரு நாளில் அவர் பேசுவதை ஒரு கை விரல்களுக்குள் எண்ணிவிடலாம். பள்ளிக்கூடமோ நான்கு மைல் கட்டைக்குக் கீழே இருந்தது. உம்மா போனதோடு ஹிதாயாவின் படிப்பும் நின்றிருந்தது.

காய் பறிக்கும் மாதங்களில் மட்டும் அந்த வாடிக்கு உயிர் வரும். கீழேயுள்ள தோட்டத் தொழிலாளர் லயங்களிலிருந்து முப்பது நாற்பது பெண்கள் வருவார்கள். பாட்டும் சிரிப்பும் சண்டையுமாகக் காடு அதிரும். பறிப்பு முடிந்ததும் கூடைகளைக் கவிழ்த்து வைத்துவிட்டு அனைவரும் இறங்கிப் போய்விடுவார்கள். அந்த ஆண்டு கடைசியாக இறங்கியவள் அழகாயி.

"நீ இங்க தனியாக் குந்திக்கிட்டுக் கெடக்குறதுக்கு எங்க லயத்துக்கு வந்துருடி. எங்க காம்பராவுல பதிமூணு பேரு. பேச்சுக்குப் பஞ்சமில்ல, படுக்கத்தான் எடமில்ல" என்றாள் அழகாயி.

"வாப்பாவ யாரு பாத்துக்கிறது, அக்கா?"

"ஒங்க வாப்பாவ அந்தப் பொகையறை பாத்துக்கும். ரெண்டும் ஒரே சாதிதானே. வாயத் தொறந்தா வெறும் பொகைதான் வரும்."

ஹிதாயா சிரித்தாள். அழகாயி சிரிப்பை நிறுத்திவிட்டு, ஓடைக்கு மேலே இருந்த பெரிய அடிக்கட்டையைக் கண்ணால் காட்டினாள். எப்போதோ வெட்டிச் சாய்த்த மரம் அது. சாய்த்தவர்கள் கட்டையின் மேல் கோடரியால் மூன்று கொத்துப் போட்டிருந்தார்கள். பறிப்புக் காலத்தில் தினமும் சுடும் முதல் ரொட்டியைப் பெண்கள் அதன் மேல் வைப்பது வழக்கம்.

"நாங்க திரும்பி வர்ற வரைக்கும் அத நீதான் வைக்கணும். மாவுல சின்னச் சீரகம் மட்டும் போட்டுறாத. அதுக்கு ஆகாது."

"எதுக்கு?"

"காட்டுப்புள்ளைக்கு" என்று அழகாயி குரலைத் தாழ்த்தினாள். "வச்சுட்டு வந்துக்கிட்டே இரு. பாதிய பிச்சு நீ தின்னுட்டு மீதிய வைக்காத. குடுத்தா முழுசாக் குடு."

"பாதி பிச்சா என்ன ஆகும்?"

"என்னயக் கேட்டா? நான் பிச்சுப் பாத்ததில்ல. பாத்திருந்தா இப்ப ஒங்கிட்ட நின்னு வாயடிச்சுக்கிட்டு இருப்பேனா?"

கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு அவள் இறங்கினாள். அவளுடைய பாட்டு வளைவுகளில் தேய்ந்து தேய்ந்து, கடைசியில் ஓடைச் சத்தம் மட்டும் மிஞ்சியது.

அதன்பின் மூடுபனி வந்தது. காலையில் மலையுச்சியிலிருந்து இறங்கும். பகல் முழுவதும் மரங்களுக்கிடையே நின்றுகொண்டிருக்கும். பத்து அடிக்கு அப்பால் உலகம் இல்லை. ஹிதாயா ஏழு நாட்கள் சொன்னபடியே செய்தாள். எட்டாம் நாள் சாலிஹ் விடிந்ததிலிருந்து ஒரு சொல்லும் பேசவில்லை. ரொட்டியோடு கட்டையருகே வந்தவள் வைத்துவிட்டுத் திரும்பவில்லை. வேரின் மேல் அமர்ந்தாள். தனக்கு எதிரே ஒருவர் இருப்பதாகப் பாவனை செய்துகொண்டு ரொட்டியை இரண்டாகப் பிய்த்தாள். பசியினால் அல்ல. யாரோடாவது சேர்ந்து சாப்பிட வேண்டும் போலிருந்தது.

"பெரிய பாதி எனக்கா, ஒனக்கா?" என்று கேட்டது ஒரு குரல்.

கட்டையின் மேல் ஆறு வயதுப் பிள்ளையின் உயரத்தில் ஓர் உருவம் அமர்ந்திருந்தது. முகம் மரப்பட்டையைப் போல வரியோடியிருந்தது. தலையிலிருந்து கால்வரை முடியும் உடையும் எல்லாம் ஒரே பாசி, ஈரமான பச்சைப் பாசி. கண்கள் மட்டும் மழை நின்றபின் இலையில் தங்கும் நீரைப் போலத் தெளிந்திருந்தன. ஹிதாயா எழுந்து ஓடத்தான் நினைத்தாள். ஆனால், அவளை யாராவது ஒரு கேள்வி கேட்டு எத்தனையோ நாட்களாகியிருந்தன.

"பெரிசு ஒங்களுக்கு" என்று நீட்டினாள்.

காட்டுப்புள்ள அணிலைப் போல இரு கைகளாலும் பிடித்துத் தின்றது. "நீ பேசு. நான் கேக்குறேன்" என்றது.

ஹிதாயா பேசினாள். ராத்தாவின் கலியாண வீட்டில் ஆடு ஒன்று அவிழ்த்துக்கொண்டு மாப்பிள்ளையின் மாலையைத் தின்ற கதையைச் சொன்னாள். மறுநாள் அவள் வந்து அமர்ந்ததும் காட்டுப்புள்ள கேட்ட முதல் கேள்வி, "அந்த ஆடு அப்பறம் என்ன ஆச்சு?" என்பதுதான். தான் சொன்னதை ஒருவர் இரவெல்லாம் நினைவில் வைத்திருந்து கேட்பது எவ்வளவு இதமானது என்பதை அன்றைக்குத்தான் அவள் அறிந்தாள். அதற்குப் பிறகு அவள் போகாத நாளில்லை; ராத்தா மாப்பிள்ளையோடு பஸ் ஏறிப் போனதுவரை எல்லாவற்றையும் சொன்னாள்.

வீட்டில் நேர்ந்த மாற்றம் முதலில் அவள் கண்ணில் படவில்லை. ஒரு மாலை சாலிஹ் தேநீரை ஒரே கோப்பையில் ஊற்றினார். மறதி என்று நினைத்தாள். அடுத்த நாள் சாப்பாட்டுக்குப் பாயருகே ஒரே பீங்கான் தட்டை வைத்தார். ஜும்ஆவுக்கு இரத்தோட்டைக்குப் போகும் வெள்ளிக்கிழமைகளில் அவளுக்கென்று பேக்கரியிலிருந்து காகிதத்தில் சுற்றி ஓர் இனிப்புப் பணிஸ் கொண்டு வருவார். அந்த வெள்ளி வெறுங்கையோடு வந்தார். "பணிஸ் இல்லையா, வாப்பா?" என்று அவள் கேட்டபோது, காற்றில் ஏதோ அசைந்ததைப் போல அவர் பக்கவாட்டில் ஒருமுறை பார்த்துவிட்டு விறகை ஒடிக்கப் போய்விட்டார்.

பதினைந்து நாட்களுக்கு ஒருமுறை அரிசியும் மண்ணெண்ணெயும் சுமந்து வரும் பழனிமுத்து வந்த அன்றுதான் அவளுக்கு எல்லாம் புரிந்தது.

"மக எங்க, நானா? சத்தத்தக் காணோம்" என்று மூட்டையை இறக்கியபடி, சாலிஹை அண்ணன் முறை வைத்துக் கேட்டார் பழனிமுத்து.

"அவ மாத்தளைல தானே ஈக்குறா."

"அது மஸூதா. நான் சின்னவளக் கேக்குறேன்."

"சின்னவளா? எனக்கு ஒரு மகள்தான். இங்க ஈக்குறது நான் மட்டும்தான்."

"வெளையாடாதீங்க நானா" என்று சிரித்த பழனிமுத்துவின் முகத்தில் சிரிப்பு மெல்லக் கலைந்தது. அவர் நெற்றியைத் தேய்த்தார். "ஆமா... நான்தான் வேற யாரையோ நெனச்சுட்டேன் போல. இந்தப் பனில மூளையும் நனஞ்சு போகுது."

அவர்கள் இருவருக்கும் இடையே, தண்ணீர்ச் செம்போடு, கையெட்டும் தூரத்தில் ஹிதாயா நின்றிருந்தாள்.

ஓடைக்கு ஓடிப்போய் முகத்தைக் கழுவினாள். காதின் பின்புறம் ஏதோ மெத்தென்று விரலில் பட்டது. தேங்காய்ப் பொச்சு நாரால் தேய்த்தாள். பச்சையாகக் கரைந்து ஓடியது. கை எடுத்த இடத்தில், பார்த்துக்கொண்டிருக்கும்போதே, மறுபடியும் பசுமை படர்ந்தது.

அங்கிருந்து நேரே அடிக்கட்டைக்குப் போனாள். "வாப்பாவுக்கு என்னயத் தெரியல. நீங்கதானே செஞ்சீங்க?"

காட்டுப்புள்ள பொய் சொல்லவில்லை. "பாதி ரொட்டிக்குப் பாதி நெனப்பு. ஒவ்வொரு நாளும் நீ இங்க கொஞ்சம் கொஞ்சமா வந்துட்ட. இன்னும் ரெண்டு ரொட்டிதான். அப்பறம் முழுசா வந்துருவ."

"வாப்பா அழுவாரே."

"இல்லாத ஆளுக்கு யாரு அழுவா? மக இருந்ததே அவருக்குத் தெரியாது. வலிக்காது." அது கட்டையில் சற்று நகர்ந்து, தன் பக்கத்தில் இடம் விட்டது. "எனக்கும் அப்புடித்தான். ஆரோ ஒருத்தருக்கு மகளா இருந்தேன். ஆருக்குன்னு இப்ப எனக்கே தெரியல."

ஹிதாயா அந்த இடத்தைப் பார்த்தாள். பேசாத வாப்பா ஒரு பக்கம். எத்தனை பேசினாலும் கேட்கும் தோழி மறுபக்கம். போய்விட்டால்தான் என்ன என்று ஒரு கணம் தோன்றியதை அவள் தனக்கே மறைத்துக்கொள்ளவில்லை. வாடிக்குத் திரும்பினாள்.

உம்மா மறைந்த நாளிலிருந்து சாலிஹ் அந்தியில் மஃரிப் தொழுகை முடிந்ததும் வாசலுக்கு வந்து, "ஹிதாயா, உள்ளுக்கு வா" என்று கூப்பிடுவார். தினமும் கேட்டதால் அதை ஒரு பேச்சாகவே அவள் கணக்கில் எடுத்ததில்லை. அன்றும் அவர் வாசலுக்கு வந்தார். காட்டைப் பார்த்து வாயைத் திறந்தார். பெயர் வரவில்லை. திறந்த வாய் திறந்தபடியே நின்றது. எதைக் கூப்பிட வந்தோம் என்று தெரியாமல், இருள் மூடும்வரை அவர் அங்கேயே நின்றார். பிறகு உள்ளே போய் மாவு பிசைந்தார். இருவருக்கான மாவு. இரண்டு ரொட்டி சுட்டு ஒன்றைத் தின்றார். மற்றதைத் தட்டிலும் வைக்காமல் அடுப்பிலிருந்தும் எடுக்காமல், அது கரிந்து போகும்வரை புரட்டிக்கொண்டேயிருந்தார்.

வலிக்காது என்று காட்டுப்புள்ள சொன்னது தவறு.

விடிந்ததும் ஹிதாயா மாவில் ஒரு பிடி சின்னச் சீரகத்தை அள்ளிப் போட்டுப் பிசைந்தாள். சுடும்போதே வாடி முழுவதும் மணத்தது. அதைத் துணியில் சுற்றிக்கொண்டு போனாள். வழியெல்லாம், ஒன்றும் சொல்லாமல் கொடுத்துவிடுவது என்றே எண்ணியிருந்தாள். அங்கே அந்தத் தெளிந்த கண்கள் அவளுக்காகக் காத்திருப்பதைக் கண்டபோது அது முடியவில்லை.

"இதுல சீரகம் ஈக்கு. நீங்க தின்ன வேணாம்" என்றாள்.

காட்டுப்புள்ள மூக்கைப் பொத்திக்கொண்டு பின்வாங்கியது. "போடாதத நாளைக்குக் கொண்டு வா."

"நாளைக்கு வரமாட்டேன்."

பாசி படர்ந்த சிறு விரல்கள் அவள் மணிக்கட்டைப் பற்றின. மென்மையான பிடிதான். ஆனால், அந்த மென்மைக்கு அடியில் வேர்கள் இறுகுவதை அவள் உணர்ந்தாள். கை மரத்தது. சுற்றிலும் பனி நெருங்கி வந்து பாதையை மறைத்தது.

"அப்ப நான் யாரோட பேசுறது?" என்று காட்டுப்புள்ள கேட்டது.

ஹிதாயா மற்றக் கையால் ரொட்டியை வாய்க்குக் கொண்டுபோனாள். பிய்க்கவில்லை. பங்கு வைக்கவில்லை. காட்டுப்புள்ளயின் எதிரிலேயே முழு ரொட்டியையும் தான் மட்டும் தின்றாள். கண்ணீர் மாவோடு சேர்ந்து உப்புக் கரித்தது. ஒவ்வொரு வாய்க்கும் சீரக மணம் அவள் மூச்சில் ஏறியது. பற்றியிருந்த விரல்கள் ஒவ்வொன்றாக உலர்ந்து, தூளாகி உதிர்ந்தன.

"ஒன்னு மட்டும் சொல்லிட்டுப் போ" என்றது காட்டுப்புள்ள. அதன் குரல் இப்போது மிகத் தொலைவிலிருந்து வந்தது. "ஒங்க ராத்தா பஸ்ஸுல ஏறினப்போ திரும்பிப் பாத்தாளா?"

"பாக்கல" என்றாள் ஹிதாயா.

அவள் அங்கிருந்து நடந்தாள். பனிக்குள் பத்தடி போனதும் நின்று திரும்பிப் பார்த்தாள். கட்டையின் மேல் பாசி மட்டும் இருந்தது. ஒரு பிள்ளை அமர்ந்து எழுந்ததைப் போல அதன் நடுவே சிறிய பள்ளம்.

வாடி வாசலில் விறகை அடுக்கிக்கொண்டிருந்த சாலிஹ் நிமிர்ந்தார். இம்முறை அவர் பார்வை அவளைத் தாண்டிப் போகவில்லை. ஆனால், அதில் அடையாளமும் இல்லை.

"யாரு புள்ள நீ? வழி தப்பிட்டியா?"

ஹிதாயா ஈரக் கைகளை அக்குளுக்குள் இடுக்கிக்கொண்டாள்.

"குளிருதா? உள்ளுக்கு வா" என்று அவர் அவளை அடுப்பருகே அமர்த்தினார். தேநீர் கொடுத்தார். பகல் முழுவதும் வேலைக்கு நடுவே வந்து வந்து அவளைப் பார்த்தார். பல வருடங்களுக்கு முன் படித்த எழுத்தை மறுபடி கூட்டிப் படிப்பவரைப் போல அவர் உதடுகள் அசைந்தன. அவள் காத்திருந்தாள். காதின் பின்புறம் தொட்டுப் பார்த்தபோது வெறும் தோல்தான் இருந்தது.

மஃரிப் தொழுகை முடிந்தது. சாலிஹ் வாசலுக்குப் போனார். காட்டைப் பார்த்து நின்றார்.

"ஹிதாயா" என்று கூப்பிட்டார். பிறகு, இத்தனை நாளும் தேக்கி வைத்திருந்ததெல்லாம் உடைந்ததைப் போலக் காடே கேட்கும்படி கூப்பிட்டார். "ஹிதாயா, உள்ளுக்கு வா மகள்."

"இங்கதான் ஈக்குறேன், வாப்பா" என்றாள் அவள், அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து.

அதே நேரத்தில், ஓடைக்கு மேலே, பனியின் உள்ளிருந்து, மெல்லிய வேறொரு குரலும் பதில் சொன்னது. "இங்கதான், வாப்பா."

சாலிஹ் திரும்பி மகளின் தலையில் கை வைத்தார். மறுபடி காட்டை நோக்கினார். "அங்க யாரு, மகள்?"

"ஒரு புள்ள. தனியா ஈக்கு."

பின்பு இருவரும் அடுப்பருகே அமர்ந்தார்கள். என்ன பேசுவதென்று தெரியாமல் அவர் ஏலக்காயின் ஈரப்பதத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினார். புகையறைக்கு எந்த விறகு நல்லது, எது ஆகாது என்று சொன்னார். ஒரு முறை கங்காணி தொப்பியோடு ஓடையில் விழுந்ததைச் சொன்னார். சொல்லிவிட்டு, தன் குரலைத் தானே புதிதாகக் கேட்பவரைப் போல நிறுத்தினார்.

"அப்பறம் என்ன ஆச்சு, வாப்பா?" என்று கேட்ட ஹிதாயா, எழுந்துபோய்க் கதவை அரைவாசி திறந்து வைத்தாள். குளிர் உள்ளே வந்தது. சாலிஹ் அவளைப் பார்த்தார். பிறகு, தேவைக்குச் சற்று அதிகமாக உரத்த குரலில், வெளியே நெடுந்தூரம் கேட்கும்படி, கதையைத் தொடர்ந்தார்.